மேப் சென்சாரும் மூன்று மா நெல்லும்

தை 9, திங்கள்

காலை பனி. பட்டறை ஷட்டரைத் தொட்டால் கை ஜில்லிட்டது.

முதல் வண்டி, சர்வே ஜீப். எரிவாயுக் குழாய் பதிக்க நிலம் அளக்கும் கம்பெனியுடையது. டிரைவர் நிஜாம் (இனி நி.), கூத்தாநல்லூர்க்காரன், சவூதியில் எட்டு வருடம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். கரும்புகை. இழுவை இல்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.

"மேட்டுல ஏற மாட்டேங்குதுண்ணே. பாலத்துகிட்டயே நின்னுடுச்சு."

ஸ்கேனர் மாட்டினேன். ஆக்சிலேட்டரை மிதித்தாலும் காற்றழுத்தம் காட்டும் எண் ஏற மறுக்கிறது. மேப் சென்சார்தான். கட்டைவிரல் அளவு பொடிப்பயல். உள்ளே போகும் காற்று எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இவன் வேலை. இவன் பேச்சைக் கேட்டுத்தான் அது டீசலை அளந்து விடும். மூக்கில் கரி அடைத்தால் உளறுவான். கழுவினால் சரி. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டேன். நி. ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான்: "நாளைக்கு கெழக்கு வெளிதானே சார்? வாய்க்கா கரை வழியா நம்ம ஜீப்தான் போவும், வேற வண்டி எறங்காது."

கிழக்கு வெளி. அக்கா வயல். மூன்று மா, ஒரு ஏக்கர்தான், சம்பா முற்றி நிற்கிறது. அறுப்பு மெஷின் வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும்.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "சென்சார் போச்சு தம்பி. புதுசு திருச்சியிலேருந்து வரணும். நாலு நாளாவும்."

இருபத்திரண்டு வருடத் தொழிலில் முதல் பொய் என்று எழுத ஆசை. முதல் பொய் இல்லை. வண்டியைப் பற்றிச் சொன்ன முதல் பொய்.

தை 10, செவ்வாய்

வாங்க: கிளீனர் ஸ்ப்ரே 2, ஓ-ரிங் ஒரு பாக்கெட், வேஸ்ட் துணி, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

அக்கா ஃபோன். "சர்வே வண்டிய இன்னைக்குக் காணோம்டா. மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா." ஆத்தா இல்லை, நான்தான் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. மெஷின்காரனிடம் மறுபடி சொல்லிவை என்று மட்டும் சொன்னேன்.

அதே வெளியில் அப்பா பண்ணையாளாகக் கிடந்தார். கொடி பிடித்து, அடி வாங்கி, பட்டா கையில் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. அக்கா அதை விடமாட்டாள்.

குழாய் வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் போட்டிருக்கும் போராட்டப் பந்தலுக்கு இரண்டு கட்சிக்காரர்களும் வந்து பேசிவிட்டுப் போனார்கள். டீக்கடையில் ஒருவர்: "ஆட்சியில இல்லன்னா அவங்க வர்றாங்க. இருந்தா வண்டிய அனுப்பறாங்க." எல்லாரும் சிரித்தார்கள், நானும்.

நி. மூன்று முறை வந்து போனான். "எஞ்சினியர் சார் வையிறாருண்ணே. கொஞ்சம் பாத்து செய்ங்க."

தை 11, புதன்

மூடாப்பு. இப்போது மழை பெய்தால் நெல் படுத்துவிடும்.

கை சும்மா இருக்கவில்லை. சென்சாரைக் கழற்றிக் கழுவிவிட்டேன். ஸ்ப்ரே மட்டும். ஊசி விட்டுக் குத்தக்கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய தகடு போய்விடும். தானாக உலர்ந்தது. பளபளவென்று இருக்கிறது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னும் வரல" என்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மதியம் நி. பிரியாணி கொண்டுவந்தான், வீட்டில் கட்டிக்கொடுத்ததாம். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். நன்றாகவே இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

தை 12, வியாழன்

11 மணி. அக்கா ஃபோன். அழுகை.

வாடகை வேனில் வந்திருக்கிறார்கள். வடக்குப் பக்கம் ரோட்டில் நிறுத்திவிட்டு, வரப்பில் நடந்தே இறங்கிவிட்டார்கள். கூடவே போலீஸ். பின்னாலேயே வயலை மிதித்துக்கொண்டு பொக்லைன். கல் நட்டாயிற்று. ஒரு மா நெல் கதிரோடு சேற்றில்.

"ஒரே ஒரு நாளுடா. நாளைக்கு மெஷின் வந்திருக்கும்டா."

ஜீப் ஓடாவிட்டால் அளக்கமாட்டார்கள் என்று நான் எப்படி நினைத்தேன்? அவர்களுக்குக் கால் இருக்கிறது. மெக்கானிக் புத்தி, வண்டியைத் தாண்டிப் போகவில்லை.

சாயங்காலம் எஞ்சினியர் வந்தார். என் முன்னாலேயே நிஜாமிடம்: "வண்டிய வச்சுக்கத் தெரியல, உனக்கெதுக்கு ஸ்டியரிங்? நாளையிலேருந்து வராத."

அவன் என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்வேன் என்று. நான் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் அழுக்கே இல்லை.

தை 13, வெள்ளி

நல்ல வெயில். மீதி இரண்டு மாவில் அறுப்பு. அக்கா வரச் சொன்னாள். போகவில்லை.

சென்சாரை மாட்டினேன். ஜீப் சீறுகிறது. நாளை புது டிரைவர் வந்து எடுத்துப் போவான்.

பத்து மணிக்கு நி. வந்தான். வண்டியில் விட்டிருந்த தொப்பி, துண்டு, கண்ணாடி எல்லாம் எடுத்துக்கொண்டான். போகவில்லை, நின்றான்.

"ஒரு உதவிண்ணே. இனிமே எந்த வண்டி ஓட்டினாலும் இந்த சென்சாரால பேச்சு வாங்கக் கூடாது. எப்படிப் பாத்துக்கணும்னு எழுதிக் குடுங்களேன்."

ஒரு தாளில் எழுதினேன். தொழில் விஷயம், கை தன் போக்கில் போனது.

1. ஏர் ஃபில்டரை அடிக்கடி பார். அறுப்புக் காலத்தில் வைக்கோல் தூசி அதிகம்.
2. கனெக்டர் பின்னில் பச்சை பூத்தால் துடை. ஒயரை இழுத்துக் கழற்றாதே.
3. சென்சார் அடியில் இருக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், வெடித்திருந்தால் மாற்று. காற்று கசிந்தால் எண் தப்பாக வரும்.
4. கரும்புகை, இழுவை இல்லை என்றால் முதலில் சென்சாரைக் கழற்றிக் கழுவு. பெரும்பாலும் அதிலேயே சரியாகும். புதிது வாங்க வேண்டியதில்லை.

எழுத்துக்கூட்டிப் படித்தான். நாலாவதில் விரல் நின்றது.

"கழுவினாலே போதுமாண்ணே?"

"ம்."

"அப்ப இதுக்கு?" ஜீப்பைக் காட்டினான்.

"கெழக்கு வெளியில எங்க அக்கா வயலு இருக்கு, தம்பி."

அவன் தாளை நாலாக மடித்தான். மறுபடி பிரித்துப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே. நானும் சேந்து பொய் சொல்லியிருப்பேன்."