வெயிலில் வைக்காத நெகட்டிவ்

பானுமதிக்கு,

சேலம் ஆஸ்பத்திரியில சாப்பாட்டைத் திருப்பி அனுப்புறியாமே? உன் தங்கச்சி போன் பண்ணுச்சு. டாக்டர் எங்கிட்ட பேசினதை நேர்ல சொல்றேன்.

சுவத்துல மாட்ட நீ கேட்ட மாதிரி கல்யாண நெகட்டிவ்ல இருந்து உன்னை மட்டும் எடுத்துப் பெரிய நெகட்டிவா போட்டுட்டேன். நீல அச்சுக்குப் படம் எந்த அளவோ நெகட்டிவும் அதே அளவு வேணும். மருந்து பூசின தாள் மேல வச்சு வெயில்ல காட்டினா படம் விழுந்துடும்.

காட்டலை. வூட்டுச் சுவத்துல யார் படத்தைப் பெரிசா மாட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?

நெகட்டிவ்ல உன் தலைமுடி பூரா வெள்ளை. அந்தக் கிழவியை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். அச்சுப் போட்டா முடி மறுபடி கறுத்து அவ போயிடுவா. படம் வேணும்னா நீயே வந்து வெயில்ல வை.

இப்படிக்கு,
அந்தக் கிழவியோட வூட்டுக்காரன்