மூணு தரம் சொல்லாத ஏலம்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அப்பாவின் முட்டியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லோரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன்னோடு பேச ஆரம்பித்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், மாடியில் குடியிருக்கும் உன் அத்தைக்கும் அது எப்படியோ கேட்டுவிடுகிறது. அதனால் நூலகத்தில் மதிய இடைவேளையில், திரும்பி வந்த புத்தகங்களை ஒரு ஓரமாக அடுக்கிவிட்டு இந்த மெயிலை அடிக்கிறேன். படித்ததும் அழித்துவிடு.

முதலில் ஒன்று. அப்பா உனக்கு ஒரு லிங்க் அனுப்பியிருப்பார், இல்லையென்றால் இன்று அனுப்புவார். அதைத் தொடாதே, தொட்டிருந்தாலும் கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதே. சேருவது இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், கார்டைக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள், கொடுத்த கையோடு பணத்தை எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. லேப்டாப் செத்துப்போச்சு, ஆபீஸ் மெஷினை வைத்துச் சமாளிக்கிறேன் என்று நீ பேச்சுவாக்கில் சொன்னாய் அல்லவா, அடுத்த நாளே இந்த ஏலத் தளத்தைக் கண்டுபிடித்துவிட்டார். புத்தம் புது லேப்டாப், ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குப் போகுது பார் என்று காட்டினார். நான் சிரித்துவிட்டேன், அது தப்பாகப் போய்விட்டது. காலம் பூரா ஏலம் கூறின வாய் இது, எனக்கே ஏலம் சொல்லித் தர்றியா என்றார்.

அவர் வேலை பார்த்த ஏலக் கூடத்தில் கேட்பாரில்லாத சாமான்களை ஏலம் விடும்போது நீயும் போய்ப் பார்த்திருக்கிறாய். அங்கே கை தூக்கக் காசு கிடையாது. தோற்றவன் வெறுங்கையோடு போனாலும் பணம் அவன் பையிலேயே இருக்கும், அப்பா ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று தட்டினால் கதை முடிந்தது. இந்தத் தளத்திலோ ஒவ்வொரு முறை பட்டனை அமுக்குவதற்கும் காசு. அமுக்கும் உரிமையை முன்கூட்டியே கட்டுக் கட்டாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அப்பா அதற்குக் கை என்று பேர் வைத்திருக்கிறார். ஒரு கை போட்டால் விலை அரிசி முனை அளவு ஏறும், ஏலம் முடிய மிச்ச நேரம் காட்டுகிற கடிகாரம் கொஞ்சம் பின்னால் போகும், இன்னொருவர் போட்டால் மறுபடியும் பின்னால் போகும், மூணு தரம் சொல்ல ஆளே கிடையாது. ஜெயிக்காதவர்கள் போட்ட கையெல்லாம் போனது போனதுதான். இதையெல்லாம் அவர்களே விதிமுறைப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை, நான்தான் எதையும் கடைசிப் பக்கம் வரை படிக்கிற பழக்கம் உள்ளவளாயிற்றே. கம்பெனிக்கு முகவரி இல்லை, போன் நம்பர் இல்லை. ஜெயித்தவர்கள் என்று போட்டிருக்கும் படங்களில் பரிசோடு சிரிக்கிற ஒரே பெண் மூன்று ஊரில் மூன்று பேரில் இருக்கிறாள். நீ இப்படி எதையாவது எங்கேயாவது பார்த்தால் முதலில் முகவரி இருக்கிறதா பார், பிறகு ஏமாந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வெளியே தேடு. இது முழு மோசடி என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் எந்தப் பொருளைத் திறந்தாலும் அதே இரண்டு புனைபெயர்கள், காலையிலும் மாலையிலும், கடிகாரம் முடியப்போகிற நொடியில் வந்து நிற்கின்றன. அவர்களுக்குச் சாப்பாடு, குளியல், பெண்டாட்டி பிள்ளை ஒன்றும் இல்லையா என்று அப்பாவிடம் கேட்டேன். ஒருத்தன் ரிட்டயர்டு ஆளாயிருப்பான், இன்னொருத்தன் தளர்ந்துட்டான், எனக்கு ஆள் முகம் தெரியும் என்றார். முகமே இல்லாத இடத்தில்.

இனிதான் விஷயமே. அதே லேப்டாப்புக்கு மூன்றாவதாக ஒரு ஆள் விடாமல் மோதிக்கொண்டிருந்தான், பிடிவாதக்காரன் என்று அப்பா அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார். நேற்று சாப்பிடும்போது அத்தையும் கீழே வந்திருந்தாள். தையல் கடையிலிருந்து நேரே வந்தவள், ஊசி குத்திய விரலைச் சப்பிக்கொண்டே, அண்ணி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன், நம்ம பொண்ணுக்கு ஒரு லேப்டாப் ஏலத்துல எடுக்கப் பார்க்கிறேன், ஒரு கிழம் குறுக்கே நின்னு உயிரை வாங்குது என்றாள். என்னிடம் மட்டும் என்றாளே தவிர குரல் தெருமுனை வரை போயிருக்கும். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு உன் புனைபெயர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். கூடத்தில் விலையை ஏற்றிவிடச் சொந்த மச்சானையே கூட்டத்தில் நிறுத்தியவனைப் பார்வையிலேயே பிடித்த மனுஷன், இத்தனை நாளும் கூடப்பிறந்த தங்கையோடு மோதிக் காசைக் கரைத்திருக்கிறார். அவளும்தான்.

எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இதோடு விட்டது சனி என்று நினைத்தேன். அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அப்பா சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அப்போ போட்டிக்கு ஒரு ஆள் குறைஞ்சது, நீ ஒதுங்கிக்கோ, நான் முடிச்சிடறேன் என்றார். அவள் உடனே, அண்ணா, நான் போட்டதெல்லாம் வீணாகக் கூடாது, இன்னொரு கட்டு வாங்க நானும் பாதி தர்றேன், நீங்களே போடுங்க என்கிறாள். இப்போது இரண்டு பேரும் ஒரே கட்சி. ஆளைச் சேர்த்துவிட்டால் இலவசக் கை தருவார்களாம், உனக்கு லிங்க் வருவது அதற்காகத்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா எடுப்பது முட்டி ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கி வைத்த பணம். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் தேதி கேட்கப் போக வேண்டும். படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் பார்த்தால் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிகிறார். ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொன்னால் வீம்புக்கு இன்னும் போடுவார். நீ சொன்னாலும் மனசு உடைந்துபோவார். அதனால் நீ ஒன்று செய். இன்றைக்கே நல்ல கடையாகப் பார்த்து ஒரு லேப்டாப் வாங்கிவிடு, என் சம்பளம் வந்திருக்கிறது, பாதியை நான் அனுப்புகிறேன், மறுக்காதே. வாங்கியதும் அப்பாவைக் கூப்பிடு. அவசரமாக வேலைக்குத் தேவைப்பட்டது, வாங்கிட்டேன்பா என்று மட்டும் சொல். உனக்குத் தேவையில்லை என்றால் அவர் யாருக்காகக் கை தூக்குவார்? அத்தையையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசு, இல்லாவிட்டால் தன்னை விட்டுவிட்டாய் என்று அதற்கு ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

வெயிலில் அலையாதே, தண்ணீர் குடி, தெரியாத நம்பருக்கு ஓடிபி சொல்லாதே. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

மறக்காமல் ஒன்று. என்ன விலை ஆச்சு என்று அப்பா கேட்பார். ஆபீஸில் தள்ளுபடி, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடு. அப்பாவும் அத்தையுமாக ஒரு லேப்டாப்பின் கடை விலையைவிட அதிகமாக ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கை அவர் உன் வாயால் கேட்க வேண்டாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா