ரீமின் ஐந்தாவது வாக்கியம்

தம்பி ஷவ்கி,

மொச்சை அடுப்பில் இருக்கிறது. எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு ரீமுக்குக் கொடு. பத்து மணிக்கு சிலிண்டர்காரர் வருவார். நான் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வர நாலு மணி ஆகும்.

அவளுடைய அரபு இலக்கண வீட்டுப்பாடத்தை நீதான் பார்க்க வேண்டும். வினைச்சொல் இல்லாத வாக்கியங்கள் ஐந்து. முதலில் ஒரு பெயர், அடுத்து அதைப் பற்றிய செய்தி. நாம் படித்தபோதும் அந்தப் பாதிக்கு 'செய்தி' என்றுதானே பேர்? "கடல் பெரியது", "பூனை கறுப்பு" என்று நாலு எழுதிவிட்டாள். ஐந்தாவதில் "என் அப்பா" என்று எழுதி நிறுத்திவிட்டு, "அம்மா, அப்பாவோட செய்தி என்னம்மா?" என்று கேட்டாள்.

அனீஸ் அலெக்சாண்டிரியாவில் கப்பலேறிப் பதினோரு மாதம். கடிதமும் இல்லை, போனும் இல்லை. பேசாமல் போய்ப் பல்லைத் தேய் என்று அதட்டிவிட்டேன்.

"மச்சான் இனி வரமாட்டாருக்கா, மனசத் தேத்திக்கோ" என்று நேற்று நீ சொன்னதற்கு நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் அந்த ஐந்தாவது வாக்கியத்தில் "தொலைந்து போனவர்" என்று மட்டும் அவளை எழுதவிடாதே.

"என் அப்பா உயரமானவர்" என்று எழுதச் சொல். அவர் எங்கே இருந்தாலும் அது உண்மை.

அக்கா சவ்சன்

எவ்வளவு உயரம் என்று கேட்பாள். சமையலறை வாசல் நிலையின் மேல்கட்டையைக் காட்டு. தினமும் அவர் தலை இடித்து அங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருபவரிடம் அந்த இடத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.