சுருட்டி வைத்த பச்சை வயர்

மதினி,

புதுப் பிரிட்ஜ் வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் கதவைத் திறந்தால் தெர்மாகோலும் ரப்பரும் கலந்த வாசம் வருகிறது. உங்கள் மகளுக்கு அந்த வாசம் பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். இன்று மாவுச்சட்டியை வைக்கப் போனபோது எனக்கும் அந்த வாசம் அடித்தது. நம் பழைய பிரிட்ஜில் இந்த வாசம் இருந்ததில்லை. வந்த அன்றே அதில் வேறு யாரோ வீட்டுப் பெருங்காயம் மணந்தது. நீங்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "முதலாளி வீட்டுச் சாம்பாரு இன்னும் உள்ளதான் இருக்கு போல" என்றீர்கள்.

சட்டியை வைத்துவிட்டேன். கதவைச் சாத்தக் கை வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மதினி இறந்துவிட்டார் என்று யாரிடமாவது சொன்னால், இந்தப் பக்கத்தில் முதலில் கேட்பது "எந்த ஆபீஸ்ல?" என்றுதான். பட்டாசு ஆலையை ஆபீஸ் என்று சொல்லிப் பழகிய ஊர்கள். ஆபீஸில் இல்லை, வீட்டில், பிரிட்ஜில் ஷாக் அடித்து என்று நான் சொன்னதும் கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "பிரிட்ஜா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். வெடியில் போயிருந்தால் தாயில்பட்டி வரைக்கும் அழுதிருப்பார்கள். உங்களுக்கு நாங்கள் மட்டும்தான் அழுதோம்.

அது ஏன் நடந்தது என்று எனக்குத் தெரிந்து சில வருடங்கள் ஆகின்றன. அண்ணனுக்குத் தெரியாது. கடைசிவரை தெரியாமலே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இருந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமையோடு அதுவும் போயிற்று.

அந்தப் பிரிட்ஜை நீங்கள் குளிர்ந்த தண்ணீருக்காக ஆசைப்படவில்லை. தூக்கத்துக்காக ஆசைப்பட்டீர்கள். வெயில் ஏறுவதற்குள் வெடிமருந்து வேலை முடிய வேண்டும் என்பதால் ஆபீஸ் வேன் இருட்டோடு கிளம்பிவிடும். அதை ஓட்டுகிறவர் உங்கள் வீட்டுக்காரர்தான் என்றாலும் உங்களுக்காக ஒரு நிமிடம் நிற்காது. அதற்கு முன்னால் எழுந்து சோறு பொங்கி, குழம்பு வைத்து, எங்கள் எல்லோருக்கும் தூக்குச்சட்டியில் அடைக்க வேண்டும். முந்தின நாள் குழம்பு கோடையில் விடிவதற்குள் நுரைத்துவிடும்.

"ராத்திரியே ஆக்கி உள்ள வச்சுட்டா காலைல இன்னும் செத்த நேரம் கெடக்கலாம்ல" என்றீர்கள்.

"தூங்குறதுக்குப் பிரிட்ஜு கேட்ட மொத ஆளு நீதான்" என்று அண்ணன் சிரித்தார்.

"நீக ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே தூங்குற ஆளு. ஒங்களுக்கு அது வெளங்காது."

சிவகாசியில் உங்கள் முதலாளி வீட்டில் புதிது வாங்கியபோது பழையதை உங்களுக்குக் கொடுத்தார்கள். அண்ணனே வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். தெருப் பெண்கள் அடுப்படி வாசல்வரை வந்து நின்றார்கள். நீங்கள் பால் பாக்கெட்டை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்திருந்தீர்கள். அப்போதுதான் பார்த்தோம், பிளக்கில் மூன்று கம்பிகள். நம் சுவரில் இருந்தது இரண்டு ஓட்டை.

"சாத்தூருக்குப் போயி வேற சுவிட்சுப் பலகை வாங்கி மாட்டணும். நாளைக்குப் பாப்போம்" என்றார் அண்ணன்.

"நாளைக்கா? பாலு திரிஞ்சுரும். அந்த மூணாவத எடுத்துவிடுங்களேன். ரெண்டுல ஓடாதா?"

அண்ணன் அந்தப் பிளக்கை அறுத்து எடுத்துவிட்டு, ரேடியோவில் கிடந்த இரண்டு கம்பிப் பிளக்கை மாட்டினார். உள்ளே மூன்று வயர்கள் இருந்தன. பச்சை வயர் மட்டும் மிஞ்சியது. அதைச் சுருட்டி டேப் ஒட்டினார். "இது சும்மா, கூடுதலா விட்டிருக்கான்" என்றார். சுவிட்சைப் போட்டதும் பிரிட்ஜ் ஓடியது. எதிர்வீட்டு அக்கா குலவை போட்டாள். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் நீங்கள் வேன் ஹாரன் கேட்டுத்தான் எழுந்தீர்கள். அந்தக் காலையில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு பொருளை அப்படிப் பார்த்துக்கொண்டவர்களை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஆபீஸில் போர்மேன் சொல்கிற எதையும் தட்டாதவர் நீங்கள். நைலக்ஸ் சேலை கூடாதென்றால் கூடாது, கொலுசு கூடாதென்றால் கூடாது. பிரிட்ஜுக்கும் அப்படியே. சுவரை ஒட்டி வைக்கவிடமாட்டீர்கள். "அதுக்கும் மூச்சு முட்டும்ல" என்பீர்கள். சூட்டோடு எதையும் உள்ளே வைக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். கதவு ரப்பரின் மடிப்பில் கறுப்பு படிந்தால் வெந்நீரில் துணியை நனைத்து விரலை விட்டுத் துடைப்பீர்கள். கரண்டு போய் வந்தால் உடனே போடாமல், லைட் நிதானமாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சுக்குப் போவீர்கள்.

ஆனால் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்றது. முதலில் சொன்னது நான்தான். நீங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டை வெறுங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். உடம்பில் உரசி உரசிச் சேர்ந்த கரண்டு அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். காய்ந்த நாட்களில் தொட்டால் சுருக்கென்று இருக்கும் என்பீர்கள். அந்தச் சுருக்கு வந்தால் உங்களுக்கு நிம்மதி. இறங்கிவிட்டது, இனி பயமில்லை.

"ஒன்னுமில்ல தாயி. நாள்பூரா மருந்துக்குள்ள நிக்கோம்ல. ஒடம்புல உள்ளது எறங்குது."

"எனக்கும் சுருக்குங்குதே மதினி. நான் எந்த மருந்துக்குள்ள நின்னேன்?"

"நீ காலேஜுல்ல. ஒனக்குப் படிச்ச படிப்பு எறங்குது."

"அப்ப பரீட்சை முடியந்தட்டியும் தொடாத" என்றார் அண்ணன்.

நம் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான். படித்தது பி.காம். அந்தச் சுருக்கு என்னவென்று எனக்கும் தெரியவில்லை. உங்கள் விளக்கம் சரியாகத்தான் பட்டது.

வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவிவிட்டு, ஈரக் கையோடு முதலில் பிரிட்ஜைத் தொடுவீர்கள். அதன் பிறகுதான் பாப்பாவைத் தூக்குவீர்கள். ஆபீஸ் கரண்டு பிள்ளை மேல் ஏறிவிடக்கூடாது என்று பயம். எதிர்வீட்டு அக்காகூட ஒன்றிரண்டு தடவை வந்து தொட்டுவிட்டுப் போனாள், தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்குமுன்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து ஆபீஸ் அடைத்திருந்தது. "இந்தச் சீசனும் முடிஞ்சுது. ஆளு முழுசாத்தான் இருக்கேன், எண்ணிப் பாத்துக்கோங்க" என்று அண்ணனிடம் கையையும் காலையும் நீட்டிக் காட்டினீர்கள். இரண்டு நாள் தூங்கினீர்கள். அடுத்த நாள் பிரிட்ஜைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தீர்கள். மேல் அறையில் ஐஸ் பாறையாகக் கட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா கத்தியைக் கொண்டுவந்து, "குத்தி எடுத்துருவோம்" என்றாள். "ஐயோ வேண்டாம்க்கா, உள்ள குழாயில பட்டா கேசு போயிரும். அது தானா உருகட்டும்" என்று சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்தீர்கள். வெளியே மழை வருகிற மாதிரி இருந்தது. உருகின தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி அடுப்படி முழுக்க நின்றது. தட்டுகளைக் கழுவித் துடைத்துத் திரும்ப அடுக்கினீர்கள். சுவிட்சைப் போட்ட சத்தம் கேட்டது.

நான் வாசலில் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தேன். பாப்பா நடை பழகிக்கொண்டிருந்த சமயம். படியில் தடுக்கி விழுந்து அழுதாள். "இந்தா வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தீர்கள்.

பிள்ளையைத் தூக்குமுன் பிரிட்ஜைத் தொட்டிருக்கிறீர்கள், மதினி. அன்றைக்கு மருந்தும் இல்லை, ஆபீஸும் இல்லை. பழக்கம். நான் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தபோது பாப்பா இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

அண்ணன் அந்தப் பிரிட்ஜைத் தனி ஆளாக இழுத்துக்கொண்டுபோய் ரோட்டோரம் தள்ளினார். "ஓட்டைப் பெட்டிய நம்ம தலையில கட்டிட்டாக. அவுக வீட்டுல ஷாக் அடிச்சதுனாலதான் குடுத்திருக்காக" என்றார். அந்த ஆபீஸுக்கு வேன் ஓட்டுவதை விட்டுவிட்டு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வாடகை வேன் ஓட்டப் போனார். போன வாரம்வரைக்கும் முதலாளி வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் திட்டித் தீர்ப்பார். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து நடமாடினார் என்று எனக்குத் தோன்றும்.

நான் விருதுநகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மாட்ட வந்த எலக்ட்ரீசியன் சுவரில் சோதித்துப் பார்த்துவிட்டு, எர்த் சரியில்லை, மாட்டமாட்டேன் என்றார். எர்த் என்றால் என்ன என்று மேனேஜர் கேட்டார். அவர் சொல்லிக்கொண்டே ஒரு வயரைத் தூக்கிக் காட்டினார். பச்சை வயர். எதையும் எழுந்து கேட்கிற பழக்கம் எனக்கில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கேட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் சாத்தூர் தாண்டுகிறவரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வீட்டில் அண்ணன் பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். நான் ரிப்பனை எடுத்து நீட்டினேன்.

இந்த வீட்டுக்குள் இனி பிரிட்ஜ் வராது என்றுதான் அண்ணன் சொல்லியிருந்தார். நான் காலையில் வைத்துவிட்டுப் போகிற குழம்பைத்தான் பாப்பா சாயங்காலம் வந்து சாப்பிடுவாள். இந்தக் கோடையில் ஒரு நாள் கெட்டுப்போனதைச் சாப்பிட்டுவிட்டு, வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்ததும் அண்ணனே கடைக்குப் போனார். "புதுசுக்குக் கேரண்டி உண்டு. பழசுதான் ஆளக் கொல்லும்" என்று எனக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார். பெட்டியைப் பிரித்தார். பிளக்கைப் பார்த்தார். பிறகு பிளேடைத் தேடினார்.

"வேண்டாம்ணே. எலக்ட்ரீசியனக் கூப்பிடுவோம்."

"ரெண்டு வயரு மாட்ட ஆளு எதுக்குடி?"

"பாப்பா தொடுவால்ல."

என் குரலில் என்ன இருந்ததோ, பிளேடைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வேன் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தது. அந்த நாளையே எலக்ட்ரீசியனுக்குச் சொன்னேன். வாடகைக்குப் பேசியவர்கள் வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் வீட்டில் இருந்தார். குழி தோண்ட வேண்டும் என்று எலக்ட்ரீசியன் சொன்னதும், "குடுங்க தம்பி, நான் தோண்டுறேன்" என்று கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

எலக்ட்ரீசியன் சாத்தூர்க்காரர், வாய் ஓயாமல் பேசுகிறவர். குழியில் போடக் கரியையும் உப்பையும் எடுத்து வைத்துக்கொண்டே பேசினார். நான் காப்பி கொண்டுவந்து நடுவில் நின்றேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், சம்பந்தமில்லாமல் என்னென்னவோ கேட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை.

"இம்புட்டு வேலை எதுக்கு தம்பி?" என்றார் அண்ணன்.

"எர்த்துண்ணே. பெட்டிக்குள்ள எங்கயாச்சும் கரண்டு கசிஞ்சா இந்தப் பச்சை வயரு வழியா மண்ணுக்குள்ள போயிரும். இது இல்லேன்னு வைங்க, தொடுற ஆளு வழியாத்தான் போகும். ஒங்க பட்டாசு ஆபீஸ்ல செம்புத் தகடு இருக்குல்ல, அதுக்குக் கீழயும் இதே சோலிதான். நெறைய பேரு சும்மா கெடக்குன்னு அத்து விட்டுருதாக."

அண்ணன் கடப்பாரையைப் பிடித்தபடி நின்றார். பிறகு தோண்டத் தொடங்கினார். "போதும்ணே" என்றார் எலக்ட்ரீசியன். அண்ணன் நிறுத்தவில்லை. "போதும்ணே, இம்புட்டு ஆழம் வேண்டாம்." குழியைப் பார்த்துக் குனிந்த தலை நிமிரவே இல்லை. கடைசியில் அந்த ஆள்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அவர் போனபிறகு அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் முதலாளி வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. யாரைப் பற்றியும் பேசுவதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார், வருகிறார். பாப்பாவுக்கு அவர் பின்னுகிற சடை தளர்ந்து அவிழ்ந்துவிடுகிறது. அவள், "இறுக்கிப் பின்னுங்கப்பா" என்கிறாள்.

மூன்றாவதை எடுத்துவிடச் சொன்னது நீங்கள்தான் என்று அவருக்கு நினைவுபடுத்தலாமா என்று யோசித்தேன். இறந்துபோனவர் மேல் அதை இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. வைத்தாலும் அவர் ஏற்றுக்கொள்ளமாட்டார். நான் எப்படிச் சொன்னாலும் தங்கச்சி ஆறுதல் சொல்வதாகத்தான் இருக்கும். "விடுங்க, நம்ம ரெண்டு பேருந்தான செஞ்சோம், ஒங்களுக்கு என்ன தெரியும்" என்று அவரிடம் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

அந்த வார்த்தைகளை உங்கள் குரலில் தினமும் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். சோறு வைக்கும்போது தொண்டைவரை வந்துவிடுகிறது. அவர் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிடுகிறார். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுகிறேன்.