சேர்க்கை எண் ஒன்று

அண்ணனுக்கு,

நீ அனுப்பிய பொன்விழா மலர் கிடைத்தது. பல்கலைக்கழக நூலகம் தொடங்கியபோது உன் வீட்டு அலமாரியையே காலி செய்து முதல் நூல்களைக் கொடுத்தாய் என்று போட்டிருக்கிறார்கள். அது என் அலமாரி. என் மருத்துவப் பரீட்சைக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.

"நீ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? அங்க இருந்தா நாலு பேருக்காவது பயன்படும்" என்றாயே, அந்த நாலு பேரைப் பார்க்க நேற்று அங்கே போனேன். சேர்க்கைப் பதிவேட்டில் முதல் எண், என் உடற்கூறு நூல். உள்ளட்டையில் நன்கொடையாளர் என்று உன் பெயர். ஓரங்களில் எல்லாம் என் பென்சில் குறிப்புகள். பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

"இத இதுவரைக்கும் யாருமே எடுத்ததில்லைம்மா" என்றார் நூலகர்.

நான் எடுத்துக்கொண்டேன். உன் தங்கை என்றதும் உறுப்பினர் அட்டையை உடனே தந்துவிட்டார்கள். படிவத்தில் உன் முகவரியைத்தான் எழுதியிருக்கிறேன். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு உனக்குக் கடிதம் வரும். அன்று நான் கேட்டபோது என்ன சொன்னாயோ, அதையே அவர்களுக்கும் சொல்: "போனது போனதுதான், விடு."

இப்படிக்கு,
ஒன்றும் கிழிக்காத தங்கை