சுருங்காத பிள்ளையார்

மே 12, திங்கள்

பொம்மைக் கம்பெனியில் சூளை ஆறவில்லை என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் மகள் பூர்ணிமா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி அதே கனவு. ஜங்ஷனில் நகர்கிற வண்டியில் ஏறப்போய், கால் வழுக்கி, பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் தொங்குகிறாள். போன தை மாதம் நிஜமாகவே நடந்ததுதான். யாரோ ஒரு புண்ணியவான் பின்னாலிருந்து இழுத்துப்போட்டதால் பிள்ளை பிழைத்தது. காயம் ஆறிவிட்டது, கனவு ஆறவில்லை. ரயில் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறாள். ஜூலையில் திருச்சி காலேஜுக்கு வேறு போகவேண்டும்.

"பஸ்ஸுலயே கொண்டுபோயி வுடுறேம்மா" என்றேன்.

"பஸ்ஸுல போனா கனவு வராதாப்பா?"

டீ போட்டுக் கொடுத்தேன்.

மே 16, வெள்ளி

போனில் ஏதோ படித்திருக்கிறாள். கனவு காணும்போதே 'இது கனவு' என்று கண்டுபிடித்துவிடலாமாம். கண்டுபிடித்தால் பாதி பயம் போய்விடுமாம். அதற்கு ஒரு பயிற்சி: பகலில் அடிக்கடி மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மூச்சு விட்டுப் பார்க்கவேண்டும். நிஜமானால் அடைக்கும். கனவானால் பொத்தினாலும் மூச்சு போகும். பகலில் பழகினால் அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் கூடவே வருமாம்.

என் பத்தாங்கிளாஸ் மூளைக்கு எட்டியவரை தலையாட்டினேன். துணைக்கு நானும் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்கிறதா?

மே 20

கம்பெனியில் மூக்கைப் பொத்தி நின்றதை, கூட வேலை பார்க்கிற ராஜாங்கம் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமா, எம்மேல அவ்ளோ நாத்தமா அடிக்குது? காலைலதான் குளிச்சேன்."

"கனவா நெசமான்னு பாக்குறேன்டா."

"மேஸ்திரி பின்னாடியே நிக்கிறாரு மாமா. நெசந்தான்."

மே 25, ஞாயிறு

பல் விளக்காமல்கூட ஓடிவந்து சொன்னாள். கனவில் கால் வழுக்கும்போது கை தானாக மூக்குக்குப் போயிருக்கிறது. மூச்சு தாராளமாகப் போனதாம்.

"கனவுன்னு தெரிஞ்சிருச்சுப்பா. அப்பவும் பயமாத்தான் இருந்துச்சு. முழிச்சிக்கலாம்னு தோணுச்சு. முழிக்கல."

முழிக்கல. அதைச் சொன்னபோது அவள் முகம் இருந்ததே! நானாயிருந்தால் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாவது தப்பித்திருப்பேன்.

ஜூன் 3

எனக்கும் அப்படி ஒரு கனவு வந்துவிட்டது, மத்தியானத் தூக்கத்தில். சூளையைத் திறந்து பிள்ளையார் பொம்மையை எடுக்கிறேன். பச்சை மண்ணாக உள்ளே வைத்தபோது இருந்த அதே உயரம். வெந்த மண் சுருங்காமல் இருக்குமா? இத்தனை வருஷத்தில் ஒரு பொம்மைகூட அப்படி வெளியே வந்ததில்லை. அப்படியானால் இது கனவு. மூக்குக்கு வேலையே இல்லை.

என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பறக்கலாம். என் மகளைப் பயமுறுத்துகிற ரயிலைத் தேடிப் போய் ஒரு உதை விடலாம். நான் என்ன செய்தேன்? எதிர்க்கடைக்குப் போய் போண்டா தின்றேன். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கும்போது என் வீட்டுக்காரி அமுதவள்ளி எழுப்பிவிட்டாள்.

"தூக்கத்துலகூட சட்னி பத்தலியா உங்களுக்கு?"

ஜூன் 8

கனவு இல்லை. மூக்குதான் சிவந்திருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

நிஜ ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று அவளே கேட்டாள். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு போனோம். வண்டி உள்ளே வந்ததும் என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். திரும்பிவிட்டோம்.

கனவு வேற, நெசம் வேறதானே? ஆமாஞ்சாமி போட்டுப் போட்டு புள்ளைய நானே ஏமாத்திட்டனோ— சோறு எறங்கல.

ஜூன் 19

அவள் விடுகிற ஆளா? இந்த முறை கனவில் வண்டி வருவதைப் பார்த்ததும் ஓடவில்லையாம். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம்.

"'நீ பாட்டுக்கு வா, நின்னப்புறம் ஏறிக்கிறேன்'னு சொன்னேம்பா. நின்னுச்சு. ஏறிட்டேன்."

"எங்க போச்சு?"

"ஸ்ரீமுஷ்ணம்."

"அந்த ஊருக்குத் தண்டவாளமே கெடையாதேம்மா."

"கனவுதானப்பா. கோயில் வாசல்லயே எறக்கி வுட்டுச்சு."

இரண்டு பேருக்கும் கனவு கைக்குள் வந்தது. இவள் ரயிலுக்கே உத்தரவு போட்டாள், நான் போண்டா தின்றேன். என் பிள்ளைதானா என்று சந்தேகமாக இருக்கிறது. தைரியமெல்லாம் அமுதவள்ளி வழியில் வந்திருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

ரயிலிலேயே போகலாம் என்று பூர்ணிமா சொல்லிவிட்டாள். ஹாஸ்டலில் விட அமுதவள்ளி கூடப் போகிறாள். எனக்கு நாளைக்குச் சூளையில் ஏற்றுகிற வேலை.

வண்டி வரும்போது நான்தான் இரண்டடி பின்னால் போனேன். பூர்ணிமா பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். முழுசாக நின்ற பிறகு எழுந்தாள். படியில் ஒரு கால் வைத்து, கீழே அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஏறிவிட்டாள். அமுதவள்ளி பின்னாலேயே பையோடு ஏறினாள்.

ஜன்னலுக்கு வந்த பூர்ணிமா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூக்க வுடுப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

அப்போதுதான் கவனித்தேன், பொத்திக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலில் ஆட்டிய கை, போகப் போகச் சின்னதாகி, பிள்ளையார் பொம்மை அளவாகி, இன்னும் சின்னதானது.

சுருங்குது. அப்ப நெசந்தான்.