ஓர் அடி கூடுதலான வால்ட்ஸ்

டயப்பர் பையின் அடியில் உன் மூங்கில் குச்சி கிடந்தது. டல்சிமரை மடியில் கிடத்திக்கொண்டு கம்பியின் மேல் தேய்த்து ஓட்டுவாயே, அதே குச்சி. பாப்பா இதை எடுத்து வாயில் போட்டிருந்தால் என்றுதான் முதலில் தோன்றியது. நீ அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தாய். மன்னித்துக்கொள். நீ போய் ஐந்து மாதமாகிறது. உனக்கு இப்போதுதான் எழுதுகிறேன்.

டல்சிமர், உன்னோடு வேலை பார்த்த அமெரிக்க டீச்சர் ஊரைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போன கருவி. மூன்று கம்பி, தம்பூராவைப் போலச் சுருதிக்கு இரண்டு, பாட்டுக்கு ஒன்று. இந்த வளைகுடா ஊரின் நஜ்மா பகுதியில் எங்கள் எதிர்க் கதவு உன்னுடையது. வெள்ளிக்கிழமைச் சமையல் முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாய். வீடியோ பார்த்து நீயாகக் கற்ற கேஜன் வால்ட்ஸ் ஒன்றுதான் உனக்குத் தெரியும். லூசியானாப் பக்கம் பிரெஞ்சு பேசுகிறவர்களின் ஆட்டப் பாட்டு. மூன்று மூன்றாகப் போகும். ஓரிடத்தில் மட்டும் ஓர் அடி கூடுதலாக நின்றுவிட்டுப் போகும்.

எட்டு வருஷம் வீணை கற்றவள் நான். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன்.

"ஒரு அடி இடிக்குதுடி. எடுத்துடு."

"எடுத்துட்டா அது உன் ரூபக தாளம். ஆடுறவன் கால் அங்க கொஞ்சம் நிக்கணும்."

"நொண்டுறான்னு சொல்லு."

"நொண்டட்டும். நீயா ஆடப் போற?"

நான் வாசிக்கும்போதெல்லாம் அந்த அடியை எடுத்துவிட்டே வாசித்தேன்.

லீவில் குடும்பத்தோடு ஊருக்குப் போன நீ திரும்பவில்லை. மூன்று நாள் காய்ச்சல், அதோடு முடிந்துவிட்டது என்றார் உன் வீட்டுக்காரர். போன வாரம் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினார். உன் மகள் டல்சிமரோடு வந்து நின்றாள்.

"ஆண்ட்டி, அம்மா பாட்டை ரெக்கார்ட் பண்ணித் தர்றீங்களா? அம்மா வாசிச்சது ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல."

வாசித்தேன். தலையை ஆட்டினாள்.

"நோ ஆண்ட்டி. அம்மா அங்க வெயிட் பண்ணுவா."

எனக்கும் தெரியும். மறுபடி வாசித்தேன். கை கேட்கவில்லை, தாளத்தோடேயே ஓடியது. நான்காவது தடவையும் அப்படியே. கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. வாசலில் பெட்டியோடு உன் வீட்டுக்காரர், "யல்லா, நேரமாச்சும்மா" என்றார். எதற்கெடுத்தாலும் பதறுகிற எனக்கு அப்போது பதற்றம்கூட வரவில்லை.

உன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கம்பியை மீட்டும் என் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாசித்தேன். அந்த இடம் வந்ததும் அழுத்தினாள். ஓர் அடி. விட்டாள்.

"இதுதான்" என்றாள். டல்சிமரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அவசரத்தில்தான் குச்சி டயப்பர் பைக்குள் விழுந்திருக்க வேண்டும்.

அன்றும் நான் அழவில்லை, இன்னும் அழுகை வரவில்லை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது, பாட்டில் கழுவும்போது, மணிக்கட்டில் அந்தப் பிடி மட்டும் வருகிறது. அது விடும்வரை கையை அசைக்காமல் இருக்கிறேன்.